எர்னஸ்டினா இறந்த நாள்: பின்நவீனத்துவப் புனைவில் பாத்திரம்

"பின்நவீனத்துவ நாவல் பாத்திரம் என்ற கருத்தையே ஒழித்துவிட்டது என்று திறனாய்வு நூல்களில் படிக்கிறேன். ஆனால் அந்த நாவல்களைக் கையில் எடுத்தால் ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, துக்கம் இருக்கிறது, படிக்கிற நமக்கும் அவர்கள்மேல் இரக்கம் பிறக்கத்தான் செய்கிறது. அப்படியானால் ஒழிந்தது எது?" என்பது கேள்வி. பாதி விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பின்நவீனத்துவப் புனைவின், அதாவது தான் கதைதான் என்பதை மறைக்காமல் காட்டிக்கொள்ளும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிப் புனைவின், முக்கியமான ஆக்கங்கள், மரபான நாவல் தரும் அதே சீர்வரிசையோடுதான் பாத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. பெயர், வயது, உடை, கடந்தகாலம் எல்லாம் தருகின்றன. தந்துகொண்டிருக்கும்போதே தருகிற கையையும் நம் பார்வையில் படும்படி வைத்துவிடுகின்றன. ஆகவே அங்கே அறிமுகம் ஓரிடத்திலும் விசாரணை வேறோரிடத்திலும் நடப்பதில்லை. ஆளை அறிமுகப்படுத்தும் வாக்கியமே அந்த ஆளைச் சந்தேகிக்கவும் கற்றுத் தருகிறது.

தமிழில் இதைப் பற்றிப் பேச நமக்கு இரண்டு சொற்கள் வாய்த்திருப்பது ஒரு வசதி. கதைமாந்தர் என்றால் கதைக்குள் வாழும் மனிதர்கள். பாத்திரம் என்றால் கலம். எதையாவது ஊற்றி வைப்பதற்கானது. இரண்டையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் இங்கே நடக்கும் வழக்கு முழுவதும் இந்த இரு சொற்களுக்கு இடையிலானதுதான். யதார்த்த நாவல் கலத்தை மறைத்து மாந்தரை மட்டும் காட்ட விரும்பியது. பின்நவீனத்துவ நாவலோ, சந்தையில் குடம் வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல, கலத்தைத் தட்டி அதன் ஓசையை நமக்குக் கேட்கச் செய்கிறது.

பாத்திரத்தை உண்மையிலேயே ஒழித்துக்கட்ட முனைந்தவர்கள் 1950களில் பிரான்சில் 'புதிய நாவல்' எழுதியவர்கள். அவர்களில் ஒருவரான ஆலன் ராப்-கிரியே 1957இல் எழுதிய கட்டுரை ஒன்றில் பாத்திரத்தை ஒரு மம்மி என்றே சொன்னார்: செத்து அரை நூற்றாண்டு ஆகியும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏற்றிவைத்த பீடத்திலிருந்து இறங்காத மம்மி. பாத்திரம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் அதற்குப் பெயர் வேண்டும், முடிந்தால் குடும்பப் பெயரும் சேர்த்து. பெற்றோர் வேண்டும், பரம்பரை வேண்டும், தொழில் வேண்டும், சொத்து இருந்தால் இன்னும் நல்லது. குணம் ஒன்று வேண்டும், அந்தக் குணத்தைக் காட்டும் முகமும் அதை வார்த்தெடுத்த கடந்தகாலமும் வேண்டும் என்று அவர் ஏளனமாக அடுக்கும் பட்டியல், இன்றும் எந்தத் தொடக்க எழுத்தாளருக்கும் வகுப்பில் சொல்லித் தரப்படும் பட்டியல்தான். காஃப்காவின் நாயகன் 'கே' என்ற ஓரெழுத்தோடு நின்றுவிட்டதை அவர் தமக்குச் சாதகமாகக் காட்டினார். பெயரில்லாத ஆள் தமிழ் வாசகருக்கு அதிர்ச்சி தரும் செய்தியல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது; தலைவி, தோழி, செவிலி என்ற பொதுப்பெயர்களோடுதான் அங்கே உலகம் நடக்கிறது. ஆனால் அங்கே பெயரை நீக்கியது அந்த உணர்ச்சி எல்லோருக்கும் உரியதாக வேண்டும் என்பதற்காக; காஃப்காவுக்குப் பின் பெயரைக் கிள்ளியது சந்தேகத்தை விதைப்பதற்காக. ஒப்புமையை அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

ராப்-கிரியேயின் தாக்குதலுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் என்று பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரொலாண் பார்த்தைச் சொல்லலாம். 1970இல் வந்த 'எஸ்/இஸட்' என்ற நூலில், பால்சாக்கின் 'சராசீன்' என்ற ஒற்றைக் கதையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படித்த அவர், ஒரே வகையான பண்புக் குறிப்புகள் ஒரே பெயரின் வழியே திரும்பத் திரும்பக் கடந்துபோகும்போது அங்கே ஓர் ஆள் இருப்பதான தோற்றம் உண்டாகிறது என்றார். என் மொழியில் சொன்னால், பெயர் என்பது சுவரில் அடித்த ஆணி. அதில் அடுத்தடுத்து மாட்டப்பட்ட சட்டைகளைப் பார்த்து நாம் ஓர் உடம்பை ஊகித்துக்கொள்கிறோம். இது உண்மை. ஆனால் உண்மையின் பாதி. சட்டைதான் என்று தெரிந்த பிறகும் அது காற்றில் அசையும்போது நாம் ஏன் திடுக்கிடுகிறோம் என்ற மறுபாதியைப் பார்த் பெரிதாகக் கவனிக்கவில்லை. பின்நவீனத்துவ நாவலாசிரியர்கள் வேலை செய்தது அந்த மறுபாதியில்தான்.

நெருங்கிப் பார்ப்பதற்கு ஜான் ஃபௌல்ஸ் 1969இல் வெளியிட்ட 'தி பிரெஞ்சு லெஃப்டினன்ட்ஸ் வுமன்' நாவலைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கதை 1867 மார்ச்சில், லைம் ரீஜிஸ் என்ற ஆங்கிலேயக் கடற்கரைச் சிற்றூரில் தொடங்குகிறது. கடலுக்குள் வளைந்து நீளும் கல் அணையின் முனையில் கரிய உடையில் ஓர் உருவம் அசையாமல் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் பெயர் சாரா உட்ரஃப் என்பது பிறகுதான் தெரியவருகிறது. முதலில் நமக்குக் கிடைப்பவை ஊர் அவளுக்குச் சூட்டிய பட்டப்பெயர்களும், அவளைக் கைவிட்டுப் போனதாகச் சொல்லப்படும் பிரெஞ்சுக்காரனைப் பற்றிய வதந்தியும்தான். ஊர்வாயில் உருவாகிப் பிறகு நேரில் வருகிற பெண் அவள்.

அந்த அணைமீது நடந்து வருகிறவர்கள் சார்லஸ் ஸ்மித்சனும் அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட எர்னஸ்டினாவும். எர்னஸ்டினா வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவளுக்குக் காசநோய் வந்துவிடுமோ என்று சதா பதறும் பெற்றோரைப் பற்றி பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலின் வழக்கமான விக்டோரியப் பாணியில் சொல்லிக்கொண்டே வரும் கதைசொல்லி, சட்டென்று ஒரு தகவலைப் போட்டுவிட்டுப் போகிறார்: அவள் 1846இல் பிறந்தவள், ஹிட்லர் போலந்துமீது படையெடுத்த நாளில் இறந்தாள். இந்த இடத்தில் நின்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1939 செப்டம்பர் 1 என்பது உலகம் அறிந்த தேதி. கல்லறையில் பொறிப்பதுபோன்ற உறுதியுடன் ஒரு கற்பனைப் பெண்ணின் சாவு அந்தத் தேதியோடு கட்டிவைக்கப்படுகிறது. எந்த யதார்த்த நாவலும் தன் நாயகிக்கு இதைவிடத் திடமான அத்தாட்சி தந்ததில்லை. அதே வாக்கியம் 1867ஆம் ஆண்டின் அறையிலிருந்து நம்மை வெளியே தள்ளிவிடுகிறது. ஏனெனில் ஹிட்லரை அறிந்த ஒருவர் இருபதாம் நூற்றாண்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது அந்தக் கணத்தில் பட்டவர்த்தனமாகிறது. எர்னஸ்டினா மேலும் உண்மையாவதும் மேலும் பொய்யாவதும் ஒரே மூச்சில் நடக்கின்றன. தமிழ் வாசகருக்கு இந்த வித்தை வேறொரு வழியில் பழக்கம்தான். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலின் நாயகன், ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் இறந்துபோனவனாகவே முதல் வரியில் நமக்கு அறிமுகமாகிறான். அந்த நாவலை நான் பின்நவீனத்துவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மெய்யான ஒரு சாவின் பக்கத்தில் கற்பனையான ஒரு சாவைப் படுக்கவைத்தால் கற்பனைக்கு உடம்பு வந்துவிடும் என்பது அங்கேயும் தெரிந்திருக்கிறது.

ஃபௌல்ஸின் பன்னிரண்டாம் அத்தியாயம் இரவில் சன்னலருகே நிற்கும் சாராவோடு, அவள் யார், எந்த நிழலிலிருந்து வருகிறாள் என்ற கேள்வியோடு முடிகிறது. எந்த விக்டோரிய நாவலும் அடுத்த அத்தியாயத்தில் விடை சொல்லிவிடும். பதின்மூன்றாம் அத்தியாயம், தெரியாது என்று தொடங்குகிறது. இந்தக் கதை முழுக்கக் கற்பனை, இந்த ஆட்கள் தன் மனத்துக்கு வெளியே இருந்ததே இல்லை என்று கதைசொல்லி ஒப்புக்கொள்கிறார். தாம் வாழ்வது ராப்-கிரியே, பார்த் ஆகியோரின் காலத்தில் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். இவ்வளவோடு நின்றிருந்தால் அது ஒரு கோட்பாட்டு விளக்கவுரையாக முடிந்திருக்கும். ஆனால் உடனே அவர் இன்னொன்றையும் சொல்கிறார்: சாராவைப் பிரிந்த சார்லஸை நேராக ஊருக்குத் திரும்பும்படி உத்தரவிட்டிருந்ததாகவும், அவன் கேட்காமல் கீழே பால்பண்ணைப் பக்கம் இறங்கிவிட்டதாகவும். இல்லாத ஒருவன் என்று இப்போதுதான் ஒப்புக்கொள்ளப்பட்டவன், அடுத்த பக்கத்தில் தன்னைப் படைத்தவருக்குக் கீழ்ப்படிய மறுக்கிறான்.

'என் பாத்திரங்கள் என் பேச்சைக் கேட்பதில்லை' என்பது எழுத்தாளர் பேட்டிகளில் நைந்துபோன வசனம். அதை அப்படியே நம்பவேண்டியதில்லை. சார்லஸ் மீறியதாக எழுதியதும் ஃபௌல்ஸின் பேனாதான். ஆனால் அந்த மீறல் நமக்குள் செய்யும் வேலை நிஜமானது. அவன் தாள்பொம்மை என்று அறிவிக்கப்பட்ட பிறகு அவனைப் பற்றிய நம் அக்கறை குறையவில்லை, கூடிவிட்டது. இந்த நாவலின் உண்மையான விசாரணை ஆசிரியர் மேடையேறிப் பேசுவதில் இல்லை என்றுகூடச் சொல்வேன். அது சாராவின் மனத்துக்குள் கதைசொல்லி நுழையாமல் கடைசிவரை வெளியே நிற்பதில் இருக்கிறது. எல்லாம் அறிந்த விக்டோரியக் கதைசொல்லியின் குரலை ஏற்றுக்கொண்டவர், எல்லோர் மனத்துக்குள்ளும் கூச்சமின்றிப் போய்வருகிறவர், ஒரு பெண்ணின் வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடுகிறார். பின்னர் அவரே தாடி வைத்த பயணியாக ரயில் பெட்டியில் சார்லஸுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, இரண்டு முடிவுகளில் எதைக் கடைசியாக வைப்பது என்று ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்க்கிறார். அதற்குள் எழுதியவரும் ஒரு பாத்திரமாகிவிட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மிலன் குந்தேரா இதையே சுற்றிவளைக்காமல் செய்தார். 1984இல் வெளிவந்த 'தி அன்பேரபிள் லைட்னஸ் ஆஃப் பீயிங்' நாவலில் தோமாஸ், தன் வீட்டுச் சன்னலருகே நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்துக்கு அப்பாலுள்ள சுவர்களைப் பார்த்தபடி நமக்கு அறிமுகமாகிறான். அவனை அப்படிப் பார்த்ததாகச் சொல்பவர் ஆசிரியர். பிறகு அவரே, தம் பாத்திரங்கள் உண்மையில் வாழ்ந்தவர்கள் என்று வாசகரை நம்பவைக்க முயல்வது வீண் என்கிறார். அவர்கள் தாய் வயிற்றில் பிறந்தவர்கள் அல்லர், தோமாஸ் ஒரு ஜெர்மன் பழமொழியிலிருந்தும் தெரேசா ஒரு வயிறு இரைந்த சத்தத்திலிருந்தும் பிறந்தவர்கள் என்கிறார். தெரேசா முதன்முதலாகத் தோமாஸின் வீட்டுக்கு வந்தபோது பசியில் அவள் வயிறு இரைந்தது. அந்த அவமானத்திலிருந்து, உடலுக்கும் ஆன்மாவுக்கும் ஒட்டாமல் போவதைப் பற்றிய ஒரு முழு வாழ்க்கையை அவர் வளர்த்தெடுக்கிறார். பிறப்பிடம் ஒரு வாக்கியம் என்று தெரிந்துவிட்டதால் அவளது கூச்சம் நமக்குக் குறைவாகவா படுகிறது?

ஒரே குணத்தில் அடங்கிவிடுவது தட்டைப் பாத்திரம், பல முகங்களோடு வியக்கவைப்பது முழுமைப் பாத்திரம் என்று ஈ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் வகுத்த பிரிவு இன்றும் பல தேர்வுத்தாள்களில் வாழ்கிறது. அந்தப் பிரிவை மிக அழகாகக் கேலி செய்தவர் மியூரியல் ஸ்பார்க். 1957இல் வந்த அவருடைய முதல் நாவலான 'தி கம்ஃபர்ட்டர்ஸ்'ஸில் கரோலின் ரோஸ் என்ற பெண்ணுக்குத் தட்டச்சுப்பொறியின் சத்தமும், தன் எண்ணங்களைத் தனக்கே படர்க்கையில் சொல்லிக்காட்டும் குரல்களும் கேட்கின்றன; தான் ஒரு நாவலுக்குள் எழுதப்பட்டுக்கொண்டிருப்பதாக அவள் சந்தேகிக்கிறாள். அவள் சந்தேகம் சரியானதே. அதே நாவலில் திருமதி ஹாக் என்ற, எல்லோரையும் வேவு பார்க்கும் பெண் ஒருத்தி வருகிறாள். அவள் தன் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் அப்படியே மறைந்துபோகிறாள். அவளுக்கு அந்தரங்க வாழ்க்கை என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறது கதை. தட்டைப் பாத்திரம் மேடையில் இல்லாத நேரத்தில் எங்கே இருக்கும் என்ற கேள்வியை எந்தத் திறனாய்வாளரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. சிரித்துவிட்டு யோசித்தால் வேறொன்றும் உறைக்கிறது: பிறர் வாழ்க்கையை வைத்தே பிழைக்கும் சிலர் தனித்திருக்கையில் உண்மையிலேயே யாராகவும் இருப்பதில்லை.

இவை எல்லாம் புதுமை என்று எண்ணிவிடக் கூடாது. 1615இல் வெளிவந்த 'டான் குயிக்ஸோட்' இரண்டாம் பாகத்தில், முதல் பாகத்தைப் படித்துவிட்டவர்களை நாயகனே சந்திக்கிறான். வேறொருவர் எழுதி வெளியிட்ட போலி இரண்டாம் பாகத்தின் பாத்திரம் ஒருவனைப் பிடித்து, உண்மையான குயிக்ஸோட் தான்தான் என்று ஊர் அதிகாரியின் முன்னிலையில் வாக்குமூலம் எழுதி வாங்குகிறான். ஸ்பானிய எழுத்தாளர் உனமுனோவின் 'நீப்லா' நாவலில், 1914இலேயே, நாயகன் அகுஸ்தோ பெரெஸ் சாலமன்கா நகருக்குப் போய் ஆசிரியரின் வீட்டுக் கதவைத் தட்டி வாதாடுகிறான். 1939இல் அயர்லாந்தின் ஃப்ளான் ஓ'பிரையன், பாத்திரங்களுக்குச் சுயநிர்ணய உரிமையும் கௌரவமான வாழ்க்கைத் தரமும் வேண்டும் என்று தம் மாணவ நாயகனைப் பேசவைத்தார். உலக இலக்கியம் முழுவதையும் ஒரு பொதுக் கிடங்காகக் கருதி, வேண்டிய ஆளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அவன் யோசனை. தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலைப் படிப்பதுபோல இருக்கும். அப்படியானால் பிற்காலத்தவர் செய்த மாற்றம் என்ன? முன்னவர்களின் கேள்வி பெரும்பாலும் படைத்தவனுக்கும் படைக்கப்பட்டவனுக்கும் இடையிலானது. பின்னவர்கள் அந்தச் சந்தேகத்தைத் தாளிலிருந்து தெருவுக்கு இறக்கினார்கள்: கதைக்கு வெளியே நடமாடும் நாமும் பெயராலும் ஆவணத்தாலும் பிறர் சொல்லாலும் ஆனவர்கள்தானோ என்று.

இதற்கு பால் ஆஸ்டர் 1985இல் வெளியிட்ட 'சிட்டி ஆஃப் கிளாஸ்' நல்ல சான்று. நள்ளிரவில் மூன்று முறை தொலைபேசி ஒலிக்கிறது. எதிர்முனையில் இருப்பவர் வேறு யாரையோ கேட்கிறார். ஒரு தவறான எண்ணிலிருந்து கதை பிறக்கிறது. எடுத்தவன் டேனியல் குவின். அவனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று கதைசொல்லி கையை உதறிவிட்டு, முப்பத்தைந்து வயது, ஒருகாலத்தில் மனைவி இருந்தாள், மகன் இருந்தான், இருவரும் இறந்துவிட்டார்கள் என்று சொல்லி முடித்துக்கொள்கிறார். ராப்-கிரியேயின் பட்டியல் முழுவதும் அதில் இருக்கிறது. முக்கியமில்லை என்ற முத்திரையோடு இருக்கிறது. குவின் துப்பறியும் நாவல்கள் எழுதுகிறவன். வில்லியம் வில்சன் என்ற புனைபெயரில் எழுதுகிறான். அந்த நாவல்களின் துப்பறிவாளன் பெயர் மேக்ஸ் வொர்க். இந்த மூவரில் பொம்மையைப் பேசவைக்கும் வித்தைக்காரன் வில்சன், வொர்க் அந்தக் குரல், குவின் வெறும் பொம்மை. உயிருள்ள ஒருவனே பொம்மை. தொலைபேசியில் தேடப்பட்டவரின் பெயரோ பால் ஆஸ்டர், துப்பறிவாளர். மறுபடி அழைப்பு வரும்போது, நான்தான் அவர் என்று குவின் சொல்லிவிடுகிறான். அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான்.

பிற்பாடு அவன் நிஜமான பால் ஆஸ்டரைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது அவர் துப்பறிவாளர் அல்லர், எழுத்தாளர். மனைவியோடும் சிறு பையனோடும் இருக்கிறார். பையனின் பெயர் டேனியல். ஆசிரியரின் பெயர் கதைக்குள் வருவதைத்தான் பாடநூல்கள் இந்த நாவலின் சாதனையாகக் குறிக்கின்றன. எனக்கு அந்த விளையாட்டு இரண்டாம்பட்சம். தன் பெயரையே கொண்ட ஒரு குழந்தை, தான் இழந்த அத்தனையும் இருக்கிற ஒரு வீட்டில் ஓடி விளையாடுவதைப் பார்த்துக் குவினுக்குப் பொறாமையும் ஆத்திரமும் பொங்குகின்றன. முதல் பக்கத்தில் ஒரே வரியில் ஒதுக்கிவிடப்பட்ட அந்த மகனின் சாவு, இத்தனை பெயர்மாற்ற வித்தைகளுக்கும் அடியில் ஊறிக்கொண்டே இருந்தது என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. கடைசியில் குவின் ஒரு காலி வீட்டில், தன் சிவப்பு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறான். பக்கங்கள் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதே அவன் எழுதும் கடைசி வாக்கியம். நோட்டு தீர்ந்த பிறகு வீட்டில் நோட்டு மட்டும் கிடக்கிறது.

பாத்திரம் கரைந்துபோவதை இதைவிடப் பெரிய பரப்பில் செய்தவர் தாமஸ் பிஞ்சன். 1973இல் வந்த 'கிராவிட்டிஸ் ரெயின்போ'வின் நாயகன் ஸ்லாத்ராப் கதை முடிவதற்குள் துண்டு துண்டாகச் சிதறி, ஒரே ஆளாகக் காண முடியாதவனாகிவிடுகிறான். துணிச்சலான செயல்தான், ஆனால் எனக்கு அது மூளையோடு நின்றுவிட்டது. இந்த வழியில் பின்னால் வந்த பலர், ஆசிரியர் நடுவில் தோன்றி 'இது கதைதான்' என்று சொல்லிவிட்டால் பின்நவீனத்துவம் ஆகிவிடும் என்று எண்ணிக்கொண்டார்கள். கலத்தில் எதையும் ஊற்றாமல் தட்டிக்கொண்டே இருந்தால் சத்தம் மட்டும்தான் வரும்.

யாரைப் பாத்திரமாக்குவது, யாருக்கு அந்த உரிமை என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. ஜே.எம். கூட்ஸி 1986இல் எழுதிய 'ஃபோ' நாவல், 1719இல் வந்த ராபின்சன் குரூசோவின் தீவுக்குச் சூசன் பார்ட்டன் என்ற பெண்ணை அனுப்புகிறது. மீண்டு வந்த அவள் தன் தீவு வாழ்க்கையை எழுதித்தரும்படி ஃபோ என்ற எழுத்தாளரிடம் கேட்கிறாள். அவருக்கோ தீவைவிட, காணாமற்போன மகளைத் தேடி அவள் அலைந்த கதை சுவையாகத் தோன்றுகிறது. தன் மகள் என்று சொல்லிக்கொண்டு, தன் பெயரையே தாங்கி ஒரு பெண் வாசலில் வந்து நிற்கும்போது, அவளை எழுத்தாளர்தான் உருவாக்கி அனுப்பியிருக்கிறார் என்று சூசன் அஞ்சுகிறாள். கொஞ்சம் கொஞ்சமாக, தானே உண்மையானவள்தானா என்ற ஐயம் அவளைப் பிடித்துக்கொள்கிறது. அவளருகே குரூசோவின் பணியாளான ஃபிரைடே இருக்கிறான், நாக்கு அறுக்கப்பட்டவனாக. அவன் நாக்கை அறுத்தது யார் என்பது நாவலில் எங்கும் தெளிவாவதில்லை. சூசன் அவனுக்குப் படம் வரைந்து காட்டுகிறாள், எழுத்துச் சொல்லித் தருகிறாள். அவன் சிலேட்டில் வரிசையாகக் கண்களை வரைந்து அவற்றுக்குப் பாதங்களை ஒட்டவைக்கிறான், அவள் கேட்டதும் எச்சிலால் அழித்துவிடுகிறான். ஃபௌல்ஸ் சாராவின் வாசலில் நின்றதற்கும் கூட்ஸி ஃபிரைடேயின் வாயருகே நிற்பதற்கும் ஓர் உறவு இருக்கிறது. ஒருவனுக்கு உள்மனத்தைக் கற்பித்து எழுதுவது கருணையாகவும் இருக்கலாம், களவாகவும் இருக்கலாம் என்பதை இருவருமே அறிந்திருக்கிறார்கள். கூட்ஸியிடம் அந்த அறிவுக்கு அடிமை வணிகத்தின் எடை சேர்ந்திருக்கிறது.

இரக்கம் ஏன் வருகிறது என்ற கேள்விக்குக் குந்தேராவின் நாவலிலேயே விடை தேடலாம். தோமாஸும் தெரேசாவும் லாரி விபத்தில் இறந்த செய்தி, கதை பாதியைத் தொடும் முன்பே, வேறொருத்திக்கு வரும் ஒரு கடிதத்தின் மூலம் நமக்கு வந்துசேர்ந்துவிடுகிறது. அவர்கள் தாய் வயிற்றில் பிறக்காதவர்கள் என்பதும் தெரியும்; எப்படிச் சாவார்கள் என்பதும் தெரியும்; மறைக்க ஒன்றுமில்லை. அதற்கு வெகுநேரம் கழித்து வரும் கடைசிப் பக்கத்தில் அவர்கள் ஒரு கிராமத்து விடுதியில் நடனமாடிவிட்டு மாடி அறைக்கு ஏறிச் செல்கிறார்கள். தோமாஸ் சாவியைத் திருப்பி விளக்கைப் போடுகிறான். அந்த வெளிச்சத்தில் திடுக்கிட்டு, மேசை விளக்கின் கூட்டிலிருந்து ஒரு பெரிய அந்துப்பூச்சி எழுந்து அறையைச் சுற்றத் தொடங்குகிறது. கீழேயிருந்து பியானோவும் வயலினும் மெலிதாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.